கடுகெண்ணெய் விற்கும் ஊர்கள்

“செருப்பு எந்த ஊர்ல வாங்கனது?”

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஓட்டலில் பாத்திரம் கழுவும் நேபாளத்துக்காரருக்குப் பல்வலி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவருக்கு இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரில் ஒருவர் வந்து நின்று என் காலையே பார்த்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, காதில் பென்சில், அக்குளில் ஒரு நீள நோட்டு. நோட்டின் மூலையில் ஓட்டை போட்டு, சிவப்புப் பட்டு நூலில் ஒரு ரப்பரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

“சோலாப்பூர்ல” என்றேன்.

“அப்ப இந்தி வரும்.”

“வரும்.”

“ஒடியா?”

“திட்டனா புரியும்.”

அவர் சிரிக்கவில்லை. “நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இங்கியே நில்லு. மதியம் சாப்பாடும் பஸ்ஸும் என்னுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைசிவரை அவர் தன் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் பெயரைக் கேட்டவர்களால் எனக்கு நல்லது நடந்ததில்லை. அதனால் அடுத்தவர் பெயரையும் நான் கேட்பதில்லை. டீக்கடைக்காரர் அவரைப் ‘பென்சிலு’ என்பார். நான் ‘சார்’ என்பேன்.

என் படிப்பு ஆறாவதோடு சரி. பதின்மூன்று வயதில் திருப்புட்குழியிலிருந்து ஒரு லாரியில் ஏறியவன் பிவண்டி, சூரத், சோலாப்பூர் என்று விசைத்தறிப் பட்டறைகளிலேயே இருபது வருடத்தைக் கழித்தேன். சூரத்தில் மஞ்சள்காமாலை வந்து பதினோரு நாள் தறிக்குக் கீழேயே படுத்துக்கிடந்தேன். செத்திருந்தால் எந்த ஊர்க்காரன் என்று எழுதுவது என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. பிழைத்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. கையில் தொழில் இல்லை. வாயில் தெலுங்கும் சேர்த்து நாலு பாஷை இருந்தது. மறுநாள் எட்டு மணிக்கு டீக்கடையில் நின்றேன்.

வேலை இதுதான். வடக்கேயிருந்து வந்து தங்கியிருக்கிறவர்கள் எந்த ஊரில், எந்தத் தெருவில், எத்தனை பேர், எங்கிருந்து வந்தவர்கள், வீட்டுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று அவர் எழுதுவார். நான் கேட்டுச் சொல்ல வேண்டும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ‘சொன்னது’. அந்தப் பக்கம் ‘பார்த்தது’.

“எதுக்கு சார் ரெண்டு?”

“வாய் சொல்றது ஒண்ணு இருக்கும். வாசல் சொல்றது ஒண்ணு இருக்கும்.”

வாசல் என்று அவர் சொன்னது செருப்புகளை. எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளே இருக்கிற முகங்களை அவர் பார்க்க மாட்டார். முதலில் செருப்பு, பிறகு கொடியில் காயும் துணி, ஜன்னல் கம்பியில் செருகியிருக்கும் பல்துலக்கும் பிரஷ்கள். யார் வீட்டிலும் உட்கார மாட்டார். தண்ணீர் கொடுத்தால் வாங்கி என்னிடம் கொடுத்துவிடுவார்.

முதல் நாள் வாலாஜாபாத். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், அரிசி ஆலைக்குப் பின்னால் வரிசையாகத் தகர வீடுகள். ஆட்களைக் கொண்டுவந்து விட்டிருக்கும் மேஸ்திரி ஓடி வந்தான்.

“நாலே பேருதான் சார். எல்லாம் பீகாரு. நல்ல பசங்க.”

வாசலில் ஒன்பது ஜோடி கிடந்தது. இவர் பென்சிலை எடுத்து அதையே காட்டினார்.

“அதுவா சார்? பழசு. தூக்கிப் போட மனசு வரல.”

“பழசெல்லாம் இப்பதான் குளிச்சிட்டு வந்துதாப்பா? ஈரமா இருக்குது?”

உள்ளேயிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். தமிழ் தெரிந்த பீகார்க்காரர். மேஸ்திரி உள்பக்கம் திரும்பி முறைத்தான். சொன்னது: நாலு. பார்த்தது: ஒன்பது.

“இதெல்லாம் எதுக்கு சார் எழுதறீங்க?” என்று மேஸ்திரி கேட்டான்.

“கொசு மருந்து அடிக்க.”

எனக்கு முதல் சந்தேகம் அங்கே வந்தது. ஏனென்றால் அடுத்த வரிசையில் இருந்தவர்களிடம் தடுப்பூசிக்கு என்றார். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்காரர்கள் இருக்கும் மாடி வீட்டில், புதுசாக பஸ் விடப்போகிறார்கள் என்றார். மாகறல் பக்கம் செங்கல் சூளையில் ரேஷன் என்றார். ஒரே நோட்டு, மூணு ஊர், நாலு காரணம். எனக்குத் தெரிந்து, கேட்கிற ஆளுக்கு ஏற்றபடி காரணம் சொல்கிறவன் யாரிடமும் உண்மையான காரணத்தைச் சொல்ல மாட்டான்.

வேலையில் கெட்டிக்காரர் என்பதை மறுக்க முடியாது. ஒரு ஊரில் இறங்கியதும் நேராக மளிகைக் கடைக்குத்தான் போவார். “கடுகெண்ணெய் இருக்குதா?” என்று கேட்பார். வாங்க மாட்டார். நம் ஆட்கள் சமையலுக்கு அதைத் தொட மாட்டார்கள், வாசனை ஆகாது. வடக்கேயும் கிழக்கேயும் இருந்து வந்தவர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. ஆகவே கடுகெண்ணெய் பாட்டில் அடுக்கியிருக்கும் கடையைச் சுற்றித்தான் அவர்கள் இருப்பார்கள். ஒரகடத்தில் எல்லாக் கடையிலும் இருந்தது. வாலாஜாபாத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு கடையில் இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. காஞ்சிபுரத்தில் கோயில் தெருக்களில் எங்கும் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு கடை. திருப்புட்குழியில் கடைக்காரம்மா, “அதெல்லாம் வெக்கறதில்ல. வாரத்துல ஒரு தபா ஒரு ஆளு வந்து கேட்டுட்டுப் போறாரு” என்றாள். அவர் உடனே நோட்டைத் திறந்து ‘ஒருவர்’ என்று எழுதினார்.

“ஆளப் பாக்காமலே எழுதறீங்களே சார்?”

“வாரா வாரம் இல்லன்னு சொல்லியும் திரும்பி வந்து கேக்கறான் பாரு. அவன் இங்கதான் குந்திக்கினு இருக்கான். போயிடல.”

இப்படியே ஒரு மாதம் போனது. அவருடைய நோட்டைப் பார்த்தால் எந்த ஊரில் எந்த ஊர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆலைக்குப் பின்னால் பீகார், சூளையில் ஒடிசா, கம்பெனி மாடிகளில் அசாம், ஓட்டல்களின் பின்கட்டில் நேபாளம். இவ்வளவு விவரம் ஒரே கையில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் இருந்தது. அந்த நாட்களில் எல்லாருடைய போனிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வடக்கேயிருந்து வந்திருக்கிறார்கள், ஜாக்கிரதை என்று. எங்கே, எப்போது என்று ஒன்றும் இருக்காது. ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டைகளுக்குக் கீழே ‘இந்திக்காரங்களுக்கு இல்லை’ என்று பேனாவால் சேர்த்தார்கள். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும், “வாங்க இந்தி வாத்தியாரே, இன்னிக்கு எந்தத் தெருவுல ஆளு புடிக்கப் போறீங்க?” என்பார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் அவர் குரலைத் தாழ்த்தி, “பென்சிலு யாருக்கு எழுதறாருன்னு தெரிஞ்சிக்கோப்பா. நாளைக்கு அடி வாங்கறது நீயா இருக்கப் போற” என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அன்று பஸ்ஸில் வரும்போது நேராகவே கேட்டேன். “சார், இந்த நோட்டு யாருக்குப் போவுது?”

“எனக்குத்தான்.”

“உங்களுக்கு எதுக்கு?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விடவில்லை. அவர் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியையே திருப்பிப் போட்டேன். “சரி, உங்க வீட்ல என்னா பாஷை பேசுவீங்க?”

“எங்க வீட்ல யாரும் பேசறதில்ல” என்றார்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி இல்லையா, சண்டையா, அல்லது சொல்லக்கூடாத பாஷையா? இந்த ஊரில் வெளியில் தமிழும் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற நெசவுக் குடும்பங்கள் நிறைய. கேட்டால் தமிழ் என்றுதான் சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை. ஆனால் மற்றவர்கள் வீட்டுக்குள் பேசுவதை எழுதித் திரிகிறவர் தன் வீட்டை மட்டும் மூடிவைப்பது எனக்கு உறுத்தியது. அன்றே பஸ்ஸில் அவர் தூங்கியபோது மடியிலிருந்த நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் நான் இருந்தேன். ‘பேருந்து நிலையம். தனி ஆள்.’ சொன்னது: திருப்புட்குழி. பார்த்தது என்ற பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வேறு ஒன்றும் இல்லை.

என்னைக் கூலிக்கு வைத்துக்கொண்டே என்னையும் எழுதியிருக்கிறார். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இப்போது ஒரு புருஷன் பெண்சாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ஒடிசாக்காரன், வாலாஜாபாத்தில் மூட்டை தூக்குகிறவன். அவள் அதே ஒடிசாவின் தெற்கோரத்தில், தெலுங்கு பேசும் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள். ஏழு மாதக் கைக்குழந்தை. ஒரே வருடத்தில் மூன்று வீடு காலி செய்தவர்கள். கடைசியாக ரயில் நிலையத்தில் ரெண்டு நாள் படுத்திருந்தார்கள். இவரை நான் சந்திப்பதற்கு மூன்று மாதம் முன்பு அங்கேதான் எனக்குப் பழக்கம். காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் தெருவில் ஓட்டு வீட்டின் பின்கட்டு அறை ஒன்று காலியாக இருந்தது. வீட்டுக்காரம்மா வீட்டிலும் தெலுங்குதான். நான் அவர்களிடம் சொன்னேன்: “நீ வாயைத் திறக்காதே, அவளே பேசட்டும். ஊர் கேட்டால் ஒடிசா என்று சொல்லாதே. ஆந்திரா, ஸ்ரீகாகுளம் பக்கம் என்று சொல்லுங்கள்.”

அது பலித்தது. வீட்டுக்காரம்மா அவளோடு நாலு வார்த்தை பேசிவிட்டு, “இன்னாமா உன் தெலுங்கு ஊஞ்சல் ஆடுது?” என்று சிரித்தாள். பிறகு, “நம்ம பாஷைக்காரங்களா இருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும். இந்திக்காரங்களுக்கு மட்டும் வூடு வுட மாட்டேன்பா. தெரு ஒத்துக்காது” என்றாள். வீட்டோடு வேலையும் கொடுத்தாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும் ஊடை நூலைக் குச்சியில் சுற்றித் தர வேண்டும். தார் சுற்றுவது என்பார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கையால் தார் சுற்றுவாள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். நாலு மாதம் அமைதியாக ஓடியது.

ஒரு நாள் அவர் சொன்னார், “நாளைக்கு அந்த நெசவுக்காரத் தெரு.”

“அங்க வடக்கத்தி ஆளு யாரும் இல்ல சார். கடுகெண்ணெய் கூட விக்கறதில்ல.”

“பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கிக்கினு அந்தப் பக்கம் நடந்து போறதப் பாத்தேன். மூட்ட தூக்கறவன் தோளு.”

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று யோசித்தேன். நான் இல்லையென்றால் வேறு யாரையாவது கூட்டிப்போவார். போனேன்.

அன்று அவனுக்கு வேலை இல்லாத நாள். வீட்டுக்காரம்மா முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்கட்டு அறை வாசலில் ரெண்டு ஜோடி செருப்பு. இவர் அதைப் பார்த்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் தெலுங்கிலேயே பேச ஆரம்பித்தார். தண்ணீர் ஓடுகிற மாதிரி தெலுங்கு. ஒரு மாதமாக என்னோடு சுற்றியவருக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

“எந்த ஊரு?”

“ஸ்ரீகாகுளம் பக்கம்.”

“வீட்ல என்ன பேசுவீங்க?”

“தெலுங்கு.”

புருஷன் தேவைக்கு மேல் தலையை ஆட்டினான். இவர் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அறைக்குள் ஒரு காலை வைத்து எட்டிப் பார்த்தார். தொட்டிலைத் தாண்டி, சுவரில் இருந்த பலகையில், முழுசாக ஒரு கடுகெண்ணெய் பாட்டில் நின்றது. மேலே இந்தி எழுத்து. வீட்டுக்காரம்மா நின்ற இடத்திலிருந்து அது தெரியாது.

அந்தப் பெண்ணும் அவர் எங்கே பார்க்கிறார் என்பதைப் பார்த்துவிட்டாள். “குழந்தைக்குத் தேய்க்க” என்றாள்.

அவர் பாட்டிலையே பார்த்தார். பிறகு நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, எனக்குத் தெரியாதபடி எழுதினார். இத்தனை நாளில் அவர் என்னிடமிருந்து மறைத்து எழுதியது அன்றுதான். முற்றத்துக்கு வந்து வீட்டுக்காரம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் பின்கட்டு அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஆவட்டும்” என்று தலையசைத்தாள்.

தெருமுனையில் கேட்டேன். “அந்த வீட்டுக்கு என்னா எழுதனீங்க?”

“பார்த்தத எழுதனேன்.”

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. சாயங்காலமே போய் அவர்களிடம் சொன்னேன். நோட்டில் ஏறிவிட்டது, வீட்டுக்காரம்மா காதிலும் போட்டாயிற்று, இந்தத் தெருவில் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று யாராவது ஒருத்தர் கத்தினால் போதும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று.

“பையா, ஒரு வாரம் பாக்கலாமே” என்றான் அவன், உடைந்த தமிழில். “இந்த அம்மா நல்ல அம்மா.”

“போன வீட்டுக்காரரும் நல்லவர்தான்னு சொன்னே.”

அவள் எழுந்து கொடியிலிருந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பழக்கம். எந்தத் துணியை அடியில் வைப்பது, எதை மேலே வைப்பது என்று கை தானாகவே செய்தது. மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சுங்குவார்சத்திரம் பக்கம் யாரோ தெரிந்தவர் இருக்கிறார் என்றார்கள். இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் சுற்றி முடித்த தார்களை ஒரு கூடையில் அடுக்கி, மேலே சாவியை வைத்து, வீட்டுக்காரம்மா வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நாலு நாள் நான் டீக்கடைப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் அவரே நான் படுக்கிற அறைக்கு வந்தார்.

“அந்தப் பின்கட்டு ரூமு காலியா இருக்குது. ஏன்பா போனாங்க?”

“நீங்க கேக்கறீங்களா?” எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினேன். போலீசுக்கு எழுதுகிறாயா, வீட்டுக்காரர்களுக்கு எழுதுகிறாயா, எவனுக்கு எழுதுகிறாய், குழந்தையோடு நாலாவது வீடு என்றெல்லாம் கேட்டேன். மரியாதை போய்விட்டது. நான் முடிக்கும்வரை அவர் கேட்டுவிட்டு, நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

சொன்னது: ஆந்திரா. தெலுங்கு. மூன்று பேர்.

பார்த்தது: அதே.

நான் பக்கங்களைப் புரட்டினேன். முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். ஆலை, சூளை, மாடி, பின்கட்டு. எந்த ஊரிலும், எந்த வீட்டுக்கு நேராகவும் ‘அதே’ இல்லை.

“அந்த அம்மாகிட்ட என்னாமோ சொன்னீங்களே?”

“ஓடு ஒடஞ்சிக்கினு இருக்குது, மழை வந்தா தொட்டில் மேலதான் ஒழுவும், மாத்திக் குடுன்னு சொன்னேன். ஆவட்டும்னாங்க.”

“எண்ணெ பாட்டில பாத்தீங்களே சார்?”

“கொழந்தைக்குத் தேய்க்கன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே.”

“நீங்கதான் யாரு சொன்னாலும் நம்ப மாட்டீங்களே.”

நான் மறுபடியும் கேட்டேன், இது யாருக்குத்தான் எழுதுகிறீர்கள் என்று. “யாரும் கேக்கலப்பா” என்றார். அதையும் நான் இன்றுவரை முழுசாக நம்பவில்லை. யாரும் கேட்காமல் ஒரு மனிதன் நாலு ஊர் சுற்றி அடுத்தவர் செருப்பை எண்ணுவானா? எழுதி முடித்த நோட்டுகளை எங்கே வைத்தார், அவருக்குப் பிறகு அவை யார் கைக்குப் போகும்? எனக்குத் தெரியாது. ஒருவருக்காக ஒரு வரியை மாற்றி எழுதினார் என்பதால் மற்ற வரிகள் எல்லாம் யாரையும் ஒன்றும் செய்யாது என்று ஆகிவிடுமா?

ஆனால் அன்று அவர் என்னிடம் கோபப்படவில்லை. சிவப்பு நூலில் தொங்கிய ரப்பரைப் பிடித்து என் பக்கம் நகர்த்தினார்.

“காலி வீட்டுக்கு ஆள எழுதி வெச்சிருக்கக் கூடாது. நீயே அழி.”

அழித்தேன். ஆந்திரா போயிற்று, தெலுங்கு போயிற்று, மூன்று பேர் போனார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ‘அதே’ போக நேரமானது; பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார். தூளை ஊதினேன். அவர் நோட்டை வாங்கி, பார்த்தது என்ற பக்கத்தில் ‘காலி’ என்று எழுதினார். பிறகு பென்சிலைச் சொன்னது பக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒரு மாதத்தில் முதல்முறையாக என் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

“நீதான அவங்கள போவச் சொன்னே? சொல்லு, என்னா எழுத?”

வாசலில் என் செருப்பு ஒரு ஜோடி, அவருடையது ஒரு ஜோடி கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெகுநேரம் பென்சிலை எடுக்காமல் காத்திருந்தார்.